நிழலில்லா ஓவியங்களில் பொழுதின் ஒளி

தில்லியின் பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நம் குடும்பங்கள் வெயிலை நாடி வெளியே செல்வது வழக்கம். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் முருகனை வணங்கிவிட்டு, இந்தியா கேட் புல்வெளியில் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு, பொழுதிருந்தால் தேசிய அருங்காட்சியகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவதுண்டு. அவ்வாறு சென்ற ஒரு நாளில், சிற்றோவியக் கூடத்தில், காட்டு வழியே தலைவனை நாடித் தனியே செல்லும் பெண்ணொருத்தியின் படத்தின் முன் நம் மகள் நின்றுவிட்டாள். ஆறாம் வகுப்பில் படிப்பவள். "இது இரவு என்று எழுதியிருக்கிறதே அப்பா, இவள் முகம் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது? நிழல் எங்கே?" என்று கேட்டாள். பள்ளியில் ஓவிய ஆசிரியை, தாளின் ஒரு மூலையில் சூரியனை வரைந்தால் மரத்தின் மறுபுறம் நிழல் தீட்ட வேண்டும் என்று கற்பித்திருந்தார்.

"அந்தக் காலத்து ஓவியர்களுக்கு நிழல் போடத் தெரியாதம்மா" என்று விடை சொல்லி அழைத்து வந்துவிட்டோம். சொன்ன பிறகு அவ்விடை நம் நெஞ்சை உறுத்திற்று. அப்பெண்ணின் காற்சிலம்பில் மணி மணியாய்ப் புள்ளி வைக்கத் தெரிந்த கைக்கு, நிழலுக்கு ஒரு கருங்கீற்று இழுக்கவா தெரியாமற் போயிருக்கும்? அலுவலகம் முடிந்து நூலகங்களில் கிடைத்ததைப் படித்தும், கூடங்களில் மீண்டும் மீண்டும் நின்று பார்த்தும் நாம் அறிந்துகொண்டதே இக்கட்டுரை. மகளுக்குச் சொன்ன தவறான விடையைத் திருத்திக்கொள்ளும் முயற்சி என்றும் இதனைக் கொள்ளலாம்.

குற்றச்சாட்டின் பிறப்பு

இந்திய ஓவியருக்கு ஒளியும் நிழலும் தெரியா என்னும் கருத்து நம்மிடையே தோன்றியதன்று. சென்னையில் 1850-லும், கல்கத்தாவில் 1854-லும், பம்பாயில் 1857-லும் ஆங்கிலேயர் ஆட்சியில் கலைப்பள்ளிகள் தோன்றின. அங்கே ஐரோப்பிய முறை ஓவியமே அளவுகோலாயிற்று. சுண்ணாம்பில் வார்த்த கிரேக்கச் சிலைகளை முன்னே நிறுத்தி, ஒரு பக்கத்துச் சாளரத்திலிருந்து விழும் வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்து வரைவதே பயிற்சி. அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தபோது, நம் பழைய சிற்றோவியங்கள் குறையுடையனவாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இக்கருத்தை மறுத்தோருள் இருவரை நாம் நினைவுகூர வேண்டும். ஒருவர் ஈ.பி. ஹாவெல். 1884-இல் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமையேற்று வந்து, பின்னர் 1896-இல் கல்கத்தா கலைப்பள்ளிக்குச் சென்ற ஆங்கிலேயர். இந்தியச் சிற்பத்தையும் ஓவியத்தையும் அவற்றின் சொந்த நெறிகளைக் கொண்டே அளக்க வேண்டும் என்று வாதாடி 1908-இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. மற்றவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த அவர், இராசபுத்திர ஓவியம் பற்றி 1916-இல் இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். முகலாய அரண்மனை ஓவியத்தினின்று இராசபுதனத்து ஓவியத்தையும் பஞ்சாப் மலைநாட்டு ஓவியத்தையும் பிரித்தறிந்து, அவற்றின் உள்ளத்தை உலகுக்கு எடுத்துரைத்தவர் அவரே.

கதிரவனைப் படத்தில் ஏற்றியோர்

இரு நெறிகளையும் ஒப்பிட வேண்டுமாயின், ஐரோப்பிய நெறியின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை. அங்கும் ஒளி எளிதில் கைவந்துவிடவில்லை. நீண்ட காலம் நிலக்காட்சி என்பது சமயக் கதைகளுக்கும் மன்னர் உருவங்களுக்கும் பின்திரையாகவே இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேன் கதிரவனையே படத்தின் நடுவே வைத்து, அதிலிருந்து பரவும் ஒளியால் கடலையும் கப்பலையும் மாளிகைகளையும் நனைத்தார். கீழ்வானில் தாழ்ந்து நிற்கும் அவருடைய கதிரவனைக் கண்டோர், இனந்தெரியாத ஓர் அமைதியும் ஏக்கமும் கொண்டனர். நிலக்காட்சிக்கு உணர்ச்சி உண்டு என்பதையும், அவ்வுணர்ச்சி ஒளியின் வழியே வருவது என்பதையும் ஐரோப்பா அவரிடம் கற்றது எனலாம்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் மேலும் ஓரடி சென்றார். 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் அமர்ந்து, வானத்தை மட்டுமே பல தாள்களில் தீட்டினார். அவற்றுட் பலவற்றின் பின்புறத்தில் நாளையும், மணியையும், காற்று வீசிய திசையையும் தம் கையாலேயே குறித்து வைத்தார். அக்குறிப்புகளை நினைக்கும்போது, வரும் தாள் ஒவ்வொன்றிலும் தேதியிட்டுப் பதிவேட்டில் ஏற்றும் நம் போன்றோர்க்கு இயல்பாகவே ஓர் அன்பு தோன்றுகிறது. மேகம் நில்லாது, ஒளி நில்லாது, ஆகவே எந்நேரத்தில் கண்டோம் என்பதை எழுதி வைத்தால்தான் கண்டது மெய்யாகும் என்று அவர் கருதியிருக்க வேண்டும்.

ஆக, மேனாட்டு ஓவியர் பொழுதைக் கதிரவனின் இருப்பிடத்தாலும் நிழலின் நீளத்தாலும் அறிவித்தனர். கண் காண்பதைக் கொண்டு பொழுதைச் சொல்லும் முறை இது.

மேல் விளிம்பில் எழுதிய பொழுது

நம் நாட்டிலோ பொழுதைச் சொல்லும் முறை வேறாக இருந்தது. கான்ஸ்டபிள் படத்தின் பின்புறத்தில் எழுதியதை நம் ஓவியர் முன்புறத்திலேயே, மேல் விளிம்பில் எழுதினர். இராகமாலை ஓவியங்களைக் கண்டோர் இதனை அறிவர். பல படங்களின் உச்சியில் மஞ்சள் நிறப் பட்டை ஒன்று இருக்கும். அதில் இராகத்தின் பெயரும் அதனை விளக்கும் பாடலும் எழுதப்பட்டிருக்கும். ஆறு இராகங்கள், ஒவ்வொன்றிற்கும் ஐந்து இராகினிகள் என முப்பத்தாறு படங்கள் கொண்ட தொகுதியே பெருவழக்கு. காசியை அடுத்த சுனார் என்னுமிடத்தில் 1591-இல் வரைந்த தொகுதியும், மேவார் நாட்டுச் சாவண்டில் 1605-இல் நசிருத்தீன் என்பார் வரைந்த தொகுதியும் காலம் தெரிந்த பழந்தொகுதிகளுள் சிறப்புடையன.

இந்துஸ்தானி இசையில் இராகங்களுக்குப் பொழுதும் பருவமும் உரியன. பைரவ் விடியலுக்கு உரியது, தோடி முற்பகலுக்கு, மேக மல்ஹார் மழைக்காலத்திற்கு, வசந்த் இளவேனிலுக்கு. எனவே இராகத்தை வரைய வந்த ஓவியன் பொழுதை வரைந்தே தீரவேண்டும். அதனை அவன் எங்ஙனம் செய்தான்? லலித் என்னும் இராகினியை எடுத்துக்கொள்வோம். இரவு முடியும் வேளை. தலைவி இன்னும் உறங்குகிறாள். தலைவன் கையில் மாலையுடன் ஓசையின்றி வெளியேறுகிறான். வானோரத்தில் மெல்லிய செம்மையோ, எட்டிப் பார்க்கும் பொன்வட்டமோ இருக்கும். ஆனால் அச்செங்கதிர் அவன் முதுகில் படுவதில்லை. தரையில் அவன் நிழல் நீள்வதில்லை. விடியல் என்பதை நாம் அறிவது அவன் பிரியும் செயலாலும், அவள் உறங்கும் நிலையாலுமே. பிரிவு நிகழும் வேளைதான் அங்கே வைகறை.

மாளவத்தின் பழைய படங்களில் தலைவி அமர்ந்திருக்கும் அறையின் பின்புறம் முழுதும் ஒரே சிவப்பாகத் தீட்டப்பட்டிருப்பதைக் காணலாம். எந்த விளக்கொளியிலும் எந்தச் சுவரும் அவ்வளவு சிவந்து தோன்றாது. அவள் நெஞ்சின் வெம்மையே அங்கு நிறமாகப் பரவியிருக்கிறது.

இந்நிறங்கள் ஒளிர்வதற்குப் பின்னே பெரும் உழைப்பு இருந்தது. அரிதாரத்தினின்று மஞ்சளும், அவுரியினின்று கருநீலமும், மாலகைட் என்னும் கல்லினின்று பச்சையும், செந்தூரத்தினின்று செம்மையும் அரைத்தெடுத்துப் பிசினுடன் குழைத்தனர். அணில் வால்மயிர்த் தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினர். இடையிடையே தாளை வழவழப்பான கல்லின் மேல் குப்புறக் கிடத்தி, பின்புறத்தில் அகேட் கல்லால் தேய்த்தனர். இவ்வாறு தேய்க்கத் தேய்க்க நிறத்துகள்கள் இறுகி, பரப்பு பளிங்குபோல் மின்னும். பசோலி நாட்டு ஓவியரோ பச்சை வண்டின் சிறகைத் துண்டு துண்டாக நறுக்கி, மரகதம் இருக்க வேண்டிய இடங்களில் ஒட்டினர். மேனாட்டு ஓவியத்தில் ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து பொருள்களின் மேல் விழுகிறது. நம் சிற்றோவியத்தில் ஒளி அப்பொருள்களுக்குள்ளிருந்தே எழுகிறது.

நிழல் அறிந்தும் விலக்கியோர்

நிழல் தீட்டும் முறையை நம்மவர் கண்டதே இல்லையோ எனில், கண்டனர். 1580-இல் கோவாவிலிருந்து ஃபதேபூர் சிக்ரிக்கு வந்த ஏசு சபைப் பாதிரிமார், ஆன்ட்வெர்ப் நகரில் அச்சான எட்டுத் தொகுதி விவிலியத்தை அக்பருக்குக் காணிக்கையாக்கினர். அதனுள் ஐரோப்பியச் செதுக்கோவியங்கள் இருந்தன. பின்னும் பல படங்கள் வந்தன. அக்பரின் ஓவியச் சாலையில் பசாவன், கேசுதாசர் முதலியோர் அவற்றைக் கூர்ந்து நோக்கிப் படியெடுத்தனர். ஆடை மடிப்பின் நிழலையும், தொலைவில் மங்கும் மலையையும் தம் படங்களில் சேர்த்தனர். ஷாஜகான் காலத்துப் பாயக் என்னும் ஓவியர் இன்னும் துணிந்தார். நெருப்பைச் சுற்றி அமர்ந்திருப்போரின் முகத்தில் ஒரு பாதி சிவந்தும் மறுபாதி இருளில் கரைந்தும் இருக்கும்படி இரவுக் காட்சிகளை அவர் தீட்டினார்.

எனவே 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, இருளுக்குள் ஒளியை வைக்கும் கலை இந்நாட்டில் கைவந்துவிட்டது. முகலாய ஓவியங்கள் இராசபுத்திர அரசவைகளை எட்டாமலும் இல்லை. அவ்வரசர்கள் பாதுஷாவின் படைத்தலைவர்களாய் இருந்தவர்கள். ஓவியர்களும் ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள். இருந்தும், இராகமாலையும் காதற் பாடல்களும் வரைந்தோர் பெரும்பாலும் அம்முறையை எடுத்தாளவில்லை. பொன்னும் நீலமும் கலந்த வானில் விண்மீன்களைத் தூவி, ஒரு தீவட்டியையோ குத்துவிளக்கையோ வைத்து, "இது இரவு" என்று அறிவித்துவிட்டு, மாந்தரைப் பகல்போல் தெளிவாகவே வரைந்தனர். தெரிந்த ஒன்றை ஒருவன் வேண்டாமென்று விலக்கினால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அன்றோ? அக்காரணத்தைப் பன்னிரு மாத ஓவியங்களில் தெளிவாகக் காணலாம்.

பன்னிரு மாதப் பிரிவு

வட இந்திய மொழிகளில் பாரமாசா என்றொரு பாடல்வகை உண்டு. பன்னிரண்டு மாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அம்மாதத்தின் இயல்பையும் அதில் பிரிந்திருப்போர் படும் துயரையும் சொல்வது. ஓர்ச்சா நாட்டு அவைப்புலவர் கேசவதாசர் 1601-இல் இயற்றிய கவிப்பிரியா என்னும் அணிநூலில் இப்பகுதி ஒன்று உள்ளது. அதில் தலைவன் வெளியூர் செல்லப் புறப்படுகிறான். தலைவி அம்மாதத்தின் அழகையோ கொடுமையையோ எடுத்துக்காட்டி, இம்மாதம் செல்லற்க என்று வேண்டுகிறாள். பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு காரணங்கள். செல்வதற்கு ஏற்ற மாதம் என்று ஒன்றுமே அவளுக்கு இல்லை.

பூந்தி, கோட்டா முதலிய இராசத்தான் நாடுகளிலும், பஞ்சாப் மலைநாட்டிலும் ஓவியர் இப்பாடல்களை வழிவழியாக வரைந்தனர். மாடத்தின் ஒருபுறம் தலைவனும் தலைவியும் நின்று உரையாடுவர். அவர்களைச் சுற்றி அம்மாதம் முழுதும் விரிந்து கிடக்கும். ஜேட மாதத்து முதுவேனிலில் வானம் வெளிறிக் கிடக்கும். யானைகள் சோர்ந்து நிழல் தேடும். மாடத்தில் விசிறி அசையும். மழை மாதங்களில் கருமேகங்கள் திரண்டு, நீர்த்தாரைகள் முத்துக் கோத்தாற்போல் இறங்கும். மின்னல் பொற்பாம்பாய் நெளியும். மயில்கள் கழுத்துயர்த்தி அகவும். அம்மின்னலைத் தீட்ட மெய்யான பொன்னையே பயன்படுத்தினர். கார்த்திகையில் விளக்கு வரிசைகள். பூச மாதக் குளிரில் தீக்காய்வோர். பங்குனியில் ஹோலி வண்ணப்பொடியின் செம்புகை.

இப்படங்களில் நிழல் தீட்டினால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்போம். நிழல் ஒரு நாளின் ஒரு நாழிகையை மட்டுமே சொல்லும். தலைவியோ ஒரு நாழிகையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மாதம் முழுவதையும், அதன் பகலையும் இரவையும், திருவிழாவையும் தனிமையையும் ஒரே மூச்சில் தலைவன் முன் வைக்கிறாள். அம்முழுமையை ஒரு மூலையில் வைத்த சூரியனால் காட்ட இயலாது. ஆகவே ஓவியன் சூரியனின் கண்ணை விடுத்து அவளுடைய கண்ணை மேற்கொண்டான். அவள் நெஞ்சில் எவையெல்லாம் தெளிவாக உள்ளனவோ, அவையெல்லாம் படத்திலும் தெளிவாக உள்ளன.

இவ்விடத்தில் தமிழ் கற்ற எவர்க்கும் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இராது. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார் அதன் ஆசிரியர். கார் முதலாக முதுவேனில் ஈறாக ஆறு பெரும்பொழுதுகள். மாலை, யாமம், வைகறை முதலிய சிறுபொழுதுகள். முல்லை என்றால் காரும் மாலையும். காத்திருத்தல் அதன் உரிப்பொருள். பாலை என்றால் வேனிலும் நண்பகலும். பிரிவு அதன் உரிப்பொருள். இன்ன பொழுதுக்கு இன்ன உணர்ச்சி என்னும் இலக்கணத்தை நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். பாரமாசா இதிலிருந்து பிறந்தது என்று கூற நாம் துணியவில்லை; அதற்குச் சான்றும் நம்மிடம் இல்லை. ஆயினும், பொழுதைச் சொன்னாலே உள்ளத்தைச் சொன்னதாகும் என்னும் எண்ணம் இந்நாட்டின் இரு கோடிகளிலும் வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை. திணையறிந்த தமிழர்க்கு இவ்வோவியங்கள் அயலாகா.

நம்மில் பலர்க்கு இது ஏட்டுச் செய்தியும் அன்று. பணியாணை வந்தவுடன் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வடக்கே ரயிலேறியவர் நம்முள் எத்தனை பேர்! அரசுக் குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பட்டியலில் நம் பெயர் மேலேறி வரும்வரை, ஓர் அறையை மூவர் பகிர்ந்து வாழ்ந்த ஆண்டுகள் நமக்கு உண்டு. அந்நாட்களில் ஐப்பசி மாதத்து மாலையொன்றில் மனைவி தொலைபேசியில், "மழை பிடித்துக்கொண்டது, முற்றத்துத் தூணெல்லாம் நனைந்துவிட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். அதில் வருத்தம் என்றொரு சொல் இல்லை. பின்னாளில் கேசவதாசரின் தலைவியை ஓவியத்தில் கண்டபோது, அந்த மழைச் செய்தியின் பொருள் நமக்கு முழுதும் விளங்கிற்று.

காங்கிராவின் நிலவு

நிழலை விலக்கிய இம்மரபு தன் உச்சத்தைத் தொட்டது இமயத்தின் அடிவாரத்தில். 18-ஆம் நூற்றாண்டில் குலேர் என்னும் சிற்றூரில் பண்டித சேவு என்னும் ஓவியர் வாழ்ந்தார். அவர் மக்கள் மனகு, நயினசுகர் ஆகிய இருவரும், அவர்தம் வழித்தோன்றல்களுமே காங்கிரா ஓவியத்தின் பெரும்புகழுக்கு அடிப்படை. இவ்வோவியர் தம் படங்களில் பெயர் பொறிப்பது அரிது. அவர்கள் குடும்ப வரலாறு வெளிப்பட்ட விதம் சுவையானது. இந்திய ஆட்சிப் பணியை விடுத்துக் கலை வரலாற்றுக்கு வந்த பி.என். கோஸ்வாமி, அரித்துவார் முதலிய தலங்களில் பண்டாக்கள் பாதுகாக்கும் யாத்திரிகர் பேரேடுகளைப் புரட்டி, யாருக்கு யார் மகன், எவ்வூரினர் என்னும் குறிப்புகளைத் திரட்டி, இக்குடும்பத்தின் மரபுவழியை நிறுவினார். புரவலன் பல்வந்த் சிங் மறைந்த 1763-ஆம் ஆண்டில் நயினசுகர் அரித்துவாருக்குச் சென்றதும் அத்தகைய ஏட்டுப் பதிவாலேயே உறுதியாயிற்று. பேரேடுகளை எழுதுவோர் கையால் கலைக்கும் தொண்டு நிகழக்கூடும் என்பது நம் போன்றோர்க்கு ஆறுதலே.

இம்மலைநாட்டு ஓவியர் முகலாய நயத்தையும் அறிந்தவர்கள். மரங்களை இலையிலையாக மெல்லிய நிறவேறுபாட்டுடன் தீட்டினர். தொலைவு மலைகளை மங்கவிட்டனர். 1775-ஆம் ஆண்டளவில் தோன்றிய கீத கோவிந்த ஓவியத் தொகுதியில் பிருந்தாவனத்து யமுனை காங்கிராப் பள்ளத்தாக்கின் ஆற்றைப் போலவே வளைந்தோடுகிறது. ஆயினும் இரவு வந்தபோது அவர்களும் மாந்தரின் முகத்தை இருளில் ஆழ்த்தவில்லை. வெண்ணிலவு நாளில் தலைவனை நாடிச் செல்லும் பெண்ணைச் சுக்கில அபிசாரிகை என்பர். பிறர் கண்ணிற் படாதிருக்க அவள் வெண்துகில் உடுத்தி நிலவொளியோடு ஒன்றிவிடுவாள். அப்படத்தில் நிலமும் மரமும் ஆடையும் வெள்ளியும் சாம்பலும் கலந்த ஒரே மென்னிறத்தில் தோய்ந்திருக்கும். நிலவொளி ஒரு பொருளின் மேல் விழுந்து மறுபுறம் நிழலாக்கவில்லை. தாள் முழுவதையும் தன்னுள் எடுத்துக்கொண்டுவிட்டது. கருநிற இரவில் செல்லும் கிருஷ்ண அபிசாரிகையோ பாம்புகளுக்கும் மின்னலுக்கும் இடையே நீலத்துகிலில் நடப்பாள். ஒரே வகைப் பெண், ஒரே வழி; ஒளி மாறியதும் உணர்ச்சி மறைவிலிருந்து துணிவாக மாறிவிடுகிறது.

இவ்வோவியச் செல்வத்தில் ஒரு பகுதி லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1948-இல் அத்தொகுப்பு பாகிஸ்தானுக்கு அறுபதும் இந்தியாவுக்கு நாற்பதுமாகப் பங்கிடப்பட்டது. இந்தியப் பங்கு பின்னர்ச் சண்டீகர் அருங்காட்சியகத்தின் கருவூலமாயிற்று. பிரிவைப் பாடிய ஓவியங்களும் பிரிவினின்று தப்பவில்லை.

பாபநாசத்தில் இரு ஆங்கிலேயர்

காங்கிராவில் இக்கலை செழித்திருந்த அதே காலத்தில், மற்றோர் ஒளி இந்நாட்டுக்குள் வந்தது. தாமஸ் டேனியல், அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இரு ஆங்கில ஓவியர் 1786-இல் கல்கத்தாவில் வந்திறங்கினர். வடக்கே கார்வால் மலைவரை சென்று திரும்பி, 1792-இல் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டனர். மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, பொருநையாற்றுப் பாபநாச அருவி எனப் பல இடங்களைத் தீட்டினர். காட்சியைப் பிசகின்றிப் படியெடுக்கக் காமிரா அப்ஸ்கியூரா என்னும் இருட்டறைப் பெட்டியைப் பயன்படுத்தினர். தாயகம் திரும்பிய பின், 1795 முதல் 1808 வரை 144 படங்களைக் கீழ்நாட்டுக் காட்சிகள் என்னும் பெயரில் வெளியிட்டனர். இவை அக்வாடிண்ட் என்னும் அச்சு முறையில் ஆனவை. செப்புத் தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து அமிலத்தால் அரிக்கச் செய்வர். அரிப்பின் ஆழத்திற்கேற்ப வெளிச்சமும் நிழலும் படிப்படியாக அச்சில் விழும். ஒளிநிழலைக் காட்டுவதற்கென்றே அமைந்த முறை எனலாம்.

இப்படங்களை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 1940-களில் மேலே மின்னாக்க அணை எழுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னர்ப் பாபநாசத்து அருவி எவ்வாறு விழுந்தது என்பதை அவர்களால்தான் இன்று காண்கிறோம். நம் சிற்றோவியரை நம்பியிருந்தால் இன்ன ஊர், இன்ன பாறை என்று அடையாளம் காணும் பேறு பெரும்பாலும் கிட்டியிராது. அவர்கள் வரைந்த யமுனை எந்த ஆறாகவும் இருக்கலாம்.

ஆனால் டேனியல்களின் ஒளி எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டும். முன்புறம் இருண்டிருக்க, நடுப்புறம் வெயிலில் துலங்க, தொலைவு மென்புகையில் கரையும் அமைப்பு, கிளாட் லொரேனிடமிருந்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்டது. கார்வால் மலைக்கும் அதே ஒளி. மதுரைக்கும் அதே ஒளி. பாபநாசத்திற்கும் ஏறத்தாழ அதே ஒளி. காண்போர்க்கு அது வியப்பை ஊட்டுகிறது. அவ்வியப்பு வழிப்போக்கன் நெஞ்சில் தோன்றுவது. அருவிக்கரையில் தை அமாவாசைக்கு நீராட வருபவளுக்கும், கார்காலத்தில் ஆற்றைக் கடக்க அஞ்சுபவனுக்கும் அவ்விடம் எவ்வொளியில் தோன்றும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. ஒரு முறை வந்து, ஒரு பருவத்தில் கண்டு, சென்றுவிட்டவர்கள் அவர்கள்.

இடமும் பொழுதும்

இதை எழுதும்போதுதான் ஓர் உண்மை நம்மைச் சுட்டது. நம் பிள்ளைகளும் ஊரை டேனியல்களைப் போலவே காண்கிறார்கள். பள்ளி விடுமுறை கோடையில்தான் வருகிறது. நாமும் அப்போதுதான் ஊருக்குச் செல்கிறோம். நம் மகள் அறிந்த ஊர் நண்பகல் வெயிலும், வற்றிய வாய்க்காலும், கதவடைத்த தெருவும்தான். மார்கழி வைகறையில் கோலத்தின் மேல் படியும் பனியை அவள் கண்டதில்லை. ஐப்பசி மழையில் ஓடு ஒழுகும் ஓசையைக் கேட்டதில்லை. அறுவடைக் காலத்து மாலையில் களத்துத் தூசி பொன்னிறமாய் எழுவதை அறியாள். கைப்பேசியில் ஊரின் படங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நிழல்கள் யாவும் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றன. எல்லாம் ஒரே மாதத்தவை.

அடுத்த பனிக்காலத்தில் அவளை மீண்டும் அதே படத்தின் முன் அழைத்துச் சென்றோம். "அன்று நாம் சொன்னது தவறம்மா. இவர்களுக்கு நிழல் தெரியும். இவள் எதையெல்லாம் கண்டபடி நடக்கிறாளோ அதையெல்லாம் நாமும் காண வேண்டும் என்றுதான் இருட்டை விலக்கி வைத்தார்கள்" என்றோம். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நம் ஊரை இப்படி வரைய வேண்டுமென்றால் எந்த மாதத்தை வரைவது அப்பா?" என்று கேட்டாள்.

அன்று மாலை வீடு திரும்பியதும் அவள் தாள் எடுத்து வந்தாள். மனைவி ஐப்பசியிலிருந்து தொடங்கினார்: முற்றம், தூண், கூரையிலிருந்து அண்டாவில் விழும் நீர், விளக்கு வைக்கும் முன்பே இருண்டுவிடும் சமையற்கட்டு. அடுத்து மார்கழியை நாம் சொன்னோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இவ்வாறு சொல்லத்தக்க மாதங்கள் எஞ்சியிருக்கும். பெரியவர்கள் அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு வேனில் விடுமுறை வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுத் தொகுதியில் இதுவரை நான்கு மாதங்கள் ஆகியுள்ளன. எதிலும் நிழல் இல்லை.